ஈரக் கான்கிரீட்டில் போட்ட கையெழுத்து

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு போன். இப்போது என் நாற்காலியில் இருக்கும் பெண்தான் பேசினாள். கட்டட அனுமதி பாதிக்குமேல் ஆன்லைனுக்குப் போய்விட்டதாம். பொறியாளரே போட்டோ ஏற்றி, தானே சான்றும் கொடுத்துக்கொள்கிறாராம். "அப்பறம் எதுக்கு மேடம் நீங்கல்லாம் வெயில்ல சைட்டு சைட்டா அலைஞ்சீங்க?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஏதோ வெடுக்கென்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் மூன்று நாள் அதே நினைப்பு. சைட்டுக்கு நேரில் போய், என் கண்ணால் பார்த்து, என் கையால் ஒரு பொய்ச் சான்று கொடுத்தவள் நான். அவளுக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எந்த ஊர் அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் தேன்கனிக்கோட்டைக்காரி. சிவில் டிப்ளமோ முடித்து, வரைவாளராகச் சேர்ந்து, நாலைந்து ஊர் மாறி, கடைசியில் நகரமைப்பு ஆய்வாளராக வந்து உட்கார்ந்தேன். படித்ததைவிட சைட்டில் கற்றதுதான் அதிகம். மேஸ்திரியிடம் தெலுங்கு, லாரிக்காரரிடம் கன்னடம், வீட்டுக்காரரிடம் தமிழ். மூன்றிலும் சண்டை போடத் தெரியும் எனக்கு.

எனக்கு மேலே இருந்தவர் வேதமூர்த்தி சார், நகரமைப்பு அலுவலர். திருநெல்வேலிப் பக்கம். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் பேச்சு மட்டும் மாறவில்லை. ஃபைலை உட்கார்ந்து படிக்கவே மாட்டார். ஜன்னலோரம் நின்றுகொண்டு, கையில் பென்சிலோடு, வரிக்கு வரி படிப்பார். அறிக்கையில் எங்கெல்லாம் "எனத் தெரிகிறது" என்று எழுதியிருக்கிறோமோ அங்கெல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி விழும். புள்ளி வைத்த ஃபைல் திரும்பி வரும். "தெரியுதுன்னா யாருக்குத் தெரியுது? நீங்க பாத்தியளா, ஆராச்சும் சொன்னாவளா? அத எழுதுங்க." அவ்வளவுதான். சத்தம் போட மாட்டார். எனக்கோ, சத்தம் போட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருக்கும். ஒரே ஃபைலை நாலு தரம் எழுதியிருக்கிறேன். மனசுக்குள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே எழுதுவேன்.

மாதம் ஒருமுறை ஒப்பந்தக்காரர் உரிமக் குழு கூடும். ஆணையர் தலைவர், வேதமூர்த்தி சார் உறுப்பினர், இன்னும் இரண்டு பொறியாளர்கள். உரிமம் புதுப்பிக்க வருகிறவர்களின் வேலைகளைப் பற்றி நான் குறிப்பு வைக்க வேண்டும். நான் சேர்ந்த புதிதில் ஒரு ஒப்பந்தக்காரர் மாட்டினார். கான்கிரீட் போடும்போது அதே கலவையிலிருந்து ஆறு கட்டிகள் வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் வைத்து, ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்க வேண்டும் என்பது விதி. இந்த மனுஷன் போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு பால வேலையில் முப்பது நல்ல கட்டிகளை ஒரே கலவையில் வார்த்து வைத்துக்கொண்டு, ஆறாறாக ஐந்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். ஐந்துக்கும் அறிக்கை பிரமாதம். நானும் பிரமாதம் என்று குறிப்பு வைத்திருந்தேன். வேதமூர்த்தி சார்தான் ஐந்து அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "அஞ்சு வீட்டுக்கும் ஒரே நம்பர் எப்படிம்மா வரும்?" என்று கேட்டார். வெட்கமாகப் போய்விட்டது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்தேன். கட்டி வார்க்கும் நேரத்துக்கு நானே போய் நிற்பேன். அச்சில் கலவை நிரப்பி மேலே தேய்த்து முடித்ததும், ஈரம் காய்வதற்குள் ஓர் ஆணியால் ஆறு கட்டியிலும் என் கையெழுத்தையும் தேதியையும் கீறுவேன். மாற்ற முடியாது, இல்லையா? ஆய்வகத்துக்கு என் கையெழுத்துள்ள கட்டிதான் போக வேண்டும். மற்ற ஊர் ஆய்வாளர்களும் இதைப் பார்த்து செய்ய ஆரம்பித்தார்கள். வேதமூர்த்தி சாரே ஒரு கூட்டத்தில் பாராட்டினார். எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்வதில் என்ன வந்தது. ஏறித்தான் இருந்தது.

இனி அந்த விடுதி விஷயம்.

கம்பெனிப் பெண்களுக்கான விடுதி. கீழே வண்டி நிறுத்த இடம், அதில் பன்னிரண்டு தூண்கள், மேலே இரண்டு மாடி. இதற்குத்தான் அனுமதி. ஒப்பந்தக்காரர் நாராயணப்பா. முதல் தர உரிமம் வைத்திருப்பவர். வீட்டில் தெலுங்கு, வியாபாரத்தில் கன்னடம், எங்களிடம் நல்ல தமிழ். அதிர்ந்து பேசமாட்டார். தூணுக்குக் கான்கிரீட் போடும் நாளில் பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். சரியாகப் பத்துக்கு மிக்சர் ஓடிக்கொண்டிருக்கிறது. அச்சுகளில் எண்ணெய் தடவித் துடைத்து வரிசையாக வைத்திருக்கிறது. நாற்காலி, இளநீர் எல்லாம் தயார். இளநீரை நான் தொடவில்லை. கம்பிகளை முந்தின நாளே எண்ணியிருந்தேன், அதில் குறை இல்லை. கேட்டுக்குப் பக்கத்துத் தூணில் என் கண்முன்னால் கலவை கொட்டினார்கள். அதே தள்ளுவண்டியிலிருந்து கட்டி வார்த்தோம். கையெழுத்துக் கீறினேன். பத்தரைக்குக் கிளம்பிவிட்டேன், இன்னும் மூன்று சைட் இருந்தது.

இருபத்தெட்டு நாள் கழித்து அறிக்கை வந்தது. கட்டிகள் கல்லாக இருந்தன. "கீழ்த்தளத் தூண்கள் அனைத்தும் ஆய்வு செய்யப்பட்டன, தரம் திருப்திகரம்" என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேதமூர்த்தி சார் படித்தார். "தெரிகிறது" எங்கேயும் இல்லை, பென்சில் புள்ளி விழவில்லை.

கட்டடம் முடிந்து நிறைவுச் சான்று கேட்டு விண்ணப்பம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி வாக்கில் போனேன். போன உடனே ஆத்திரம் வந்தது. மாடிக் கம்பியெல்லாம் சுடிதாரும் துண்டும் காய்கின்றன. சான்று வாங்காமலேயே ஆட்களைக் குடிவைத்துவிட்டார்கள். கம்பெனியில் புது நைட் ஷிப்ட் ஆரம்பித்ததால் அவசரமாம். நாற்பத்தொரு பெண்கள். ராமநாதபுரம், தேனி, திருவண்ணாமலை என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். அனுமதியே இல்லாத மூன்றாவது மாடி ஒன்றும் மேலே முளைத்திருந்தது. அதற்கும் மேலே பெரிய தண்ணீர்த் தொட்டி.

கீழே வாட்ச்மேனின் மனைவி மாதம்மா கொடி கட்டிக்கொண்டிருந்தாள். நாட்றாம்பாளையத்துக்காரி. ஒரு கல்லை எடுத்துத் தூணில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். புதுத் தூணில் ஆணி அடிக்கிறாளே என்று அதட்டப் போனேன். அதற்குள் ஆணி முழுசாக உள்ளே போய்விட்டது. மூன்று அங்குல ஆணி. பூச்சு அரை அங்குலம் இருக்கும். அதற்குப் பிறகு கான்கிரீட் இருந்தால் ஆணி வளைய வேண்டும்.

ஆணியின் தலையை விரலால் தடவிப் பார்த்தேன். "எல்லாத் தூணுலயும் இப்படித்தான் எறங்குதா?" என்றேன்.

"எறங்குதுங்கம்மா. அந்தா, கேட்டுப் பக்கம் இருக்கறது மட்டும் ஆவல. மூணு ஆணி மடங்கிப்போச்சு. அத உட்டுட்டேன்."

கேட்டுப் பக்கத்துத் தூண். நான் நின்று பார்த்த தூண்.

அவளிடமிருந்து கல்லையும் ஆணியையும் வாங்கினேன். ஒவ்வொரு தூணாக நானே அடித்தேன். பதினொன்றில் இறங்கியது. ஒரு தூணின் உச்சியில் புதிதாகப் பட்டி பூசியிருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி சாவியால் சுரண்டினேன், உள்ளே விரிசல். ஆணியைப் பிடுங்கினால் மாவு மாதிரித் தூள் கொட்டியது. ஜல்லி உடைக்கும் கிரஷரின் தூள், பேருக்கு சிமெண்ட். பத்து மணியிலிருந்து பத்தரை வரைக்கும் எனக்காக நல்ல கலவை ஓடியிருக்கிறது. நான் வண்டியேறியதும் மாற்றியிருக்கிறார்கள். என் பழக்கம் ஊருக்கே தெரியும். நான் கட்டியைத்தான் பார்ப்பேன், தூணைப் பார்க்கமாட்டேன் என்று நாராயணப்பா கணக்குப் போட்டது சரியாகப் போய்விட்டது.

அப்போதுதான் மாதம்மா சொன்னாள். போர் வறண்டுவிட்டதால் இத்தனை நாள் கீழே டிரம்மில்தான் தண்ணீர். இன்றைக்கு மூன்று மணிக்கு டேங்கர் வந்து மேல் தொட்டியை முதல் தடவையாக நிரப்பப் போகிறார்களாம். பெண்களெல்லாம் சந்தோஷமாக இருக்கிறார்களாம்.

ஒரு லாரித் தண்ணீரும் இந்தத் தூண்களின் தலையில்.

நாராயணப்பாவுக்குப் போன் போட்டேன். அரை மணியில் வந்துவிட்டார். ஆணிகளைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகப் பேசினார். பணம் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்படிச் சொல்லவில்லை.

"ஒரு மாசம் குடுங்கம்மா. தூணச் சுத்திக் கம்பி கட்டி மறுபடி கான்கிரீட் போட்டுக் குடுத்துடறேன், என் செலவு. சத்தமில்லாம முடிச்சிடலாம். நல்லாருக்குன்னு எழுதினது நீங்கதானே? எனக்காகச் சொல்லல. உங்களுக்கு ரெண்டு வருஷம்தான் சர்வீஸ் இருக்கு."

அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. மறைக்காமல் சொல்கிறேன், பட்டது. ஒரு மாதத்தில் சரியாகிவிடும், யாருக்கும் தெரியாது, நானும் மரியாதையாக வீட்டுக்குப் போகலாம். அப்போது மேலே இரண்டாவது மாடியில் யாரோ ஒரு பெண் பாட்டுப் பாடிக்கொண்டு துணி பிழிந்தாள். தண்ணீர் சொட்டி என் தோளில் விழுந்தது. ஒரு மாதம் இவர்கள் எங்கே இருப்பார்கள் என்று கேட்டேன். "இங்கதாம்மா, வேற எங்க?" என்றார்.

படியில் உட்கார்ந்து பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்தேன்.

இப்படிப்பட்ட கட்டடத்தில் இருப்பவர்களை உடனே வெளியேற்ற ஆணையர் உத்தரவு வேண்டும். ஆணையரோ கிருஷ்ணகிரியில் கலெக்டர் கூட்டத்தில். உத்தரவுக்கு வேதமூர்த்தி சார் குறிப்பு வைக்க வேண்டும். அதற்கு என் அறிக்கை எழுத்தில் வேண்டும். "தூண்களின் கான்கிரீட் தரம் குறைவாக இருக்கலாம் எனத் தெரிகிறது" என்று எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அப்படித்தான் எழுதினேன், பாருங்கள். பயம்.

உடனே கூப்பிட்டார். "என்னத்தம்மா எழுதிருக்கிய? நல்லாருக்குன்னு நீங்க குடுத்த சான்று ஃபைல்ல கிடக்கு. அதக் கொண்டுபோய் கோர்ட்ல காட்டித் தடை வாங்கிருவான். அது தப்புன்னா ஏன் தப்புன்னு எழுதணும். அன்னைக்கு எத்தன தூணப் பாத்திய?"

"ஒண்ணு சார்."

பென்சிலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "அத எழுதிருதியளா?" என்றார். கேட்டாரே தவிர, எழுது என்று சொல்லவில்லை.

எழுதினேன். இன்றும் மனப்பாடம். "பன்னிரண்டு தூண்களில் ஒன்றில் மட்டுமே கான்கிரீட் இடுவதை நான் பார்த்தேன். மற்ற பதினொன்றைப் பார்க்காமலே பார்த்ததாகச் சான்று அளித்தேன். அந்தச் சான்று தவறு. பதினொரு தூண்களிலும் இன்று நானே ஆணி அடித்துப் பார்த்தேன்; முழுவதும் இறங்கியது. இங்கே நாற்பத்தொரு பேர் குடியிருக்கிறார்கள்." கீழே கையெழுத்து. அது வேறு யாருடையதோ மாதிரி விழுந்தது. அதையும் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

"இது ஒங்கள விடாதும்மா," என்றார் சார் போனில். "தெரிஞ்சுதான எழுதினிய?"

"தெரிஞ்சுதான் சார்."

"சரி. நான் கிருஷ்ணகிரிக்கே போய்க் கையெழுத்து வாங்குதேன். அதுவரைக்கும் அங்கன இருங்க."

மூன்று மணிக்கு வரவேண்டிய டேங்கர் இரண்டுக்கே வந்துவிட்டது. கையில் உத்தரவு இல்லை. நாராயணப்பா டிரைவரிடம் மேலே ஏற்று என்று கை காட்டினார். ஆள் குழாயை இழுத்துக்கொண்டு படியேறப் போனான். நான் போய்க் குழாயின் மேல் நின்றேன். ஐம்பத்தாறு வயசில், சேலையைச் செருகிக்கொண்டு. "நீரு பிடபேடப்பா," தண்ணீர் விடாதே என்று கன்னடத்தில் சொன்னேன். ஏதோ வாடகைச் சண்டை என்று நினைத்து அவன் சிரித்தான். அடையாள அட்டையைக் காட்டினேன். லாரி நம்பரைப் போட்டோ எடுத்தேன். இந்தத் தண்ணீர் மேலே போய்க் கட்டடம் உட்கார்ந்தால் கேஸில் உன் பெயரும் வரும் என்றேன். என்னைப் பார்த்தான், நாராயணப்பாவைப் பார்த்தான், தலையைத் தூக்கித் தொட்டியைப் பார்த்தான். இஞ்சினை நிறுத்திவிட்டு பீடி பற்றவைத்தான். அந்தப் பீடி நாற்றம் எனக்கு அன்றைக்கு மணத்தது. ஒரு மணி நேரம் குழாயை விட்டு நான் இறங்கவில்லை.

மூன்று மணிக்கு உத்தரவு வந்தது.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூண்களில் துளையிட்டு எடுத்த மாதிரிகளில், இருக்க வேண்டிய பலத்தில் பாதிகூட இல்லை. உரிமக் குழு நாராயணப்பாவை விசாரித்தது. நான் சாட்சியாக நின்றேன். அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, "இந்தம்மா மாதிரி நேர்மையான ஆபீசர நான் பாத்ததில்ல. அவங்களே நல்லாருக்குன்னு எழுதினாங்க. அன்னைக்குப் பொய் சொன்னாங்களா, இன்னைக்கா?" என்றார். அன்றைக்கு என்றேன். உரிமம் ரத்தானது. எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விசாரணை, ஓய்வு பெறும் வரை ஊதிய உயர்வு நிறுத்தம். பிரிவுபசார விழா வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். விசாரணையில் வேதமூர்த்தி சார் எனக்காக ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். அப்புறம் பேசினேன். கட்டடத்தை இடித்தார்கள். அது தானாக விழுந்திருக்குமா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது அந்த வெள்ளிக்கிழமை மூன்றரை மணி. கம்பெனி பஸ்ஸை வரவழைத்து, பெண்களை ஒரு கல்யாண மண்டபத்துக்கு அனுப்ப ஏற்பாடு. அரை மணியில் காலி செய்யுங்கள் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? பக்கெட்டும் பையுமாக இறங்கிக்கொண்டே திட்டினார்கள். ஒருத்தி காதுபடவே, "லஞ்சம் கெடைக்கல, அதான் இந்தக் கூத்து" என்றாள். நான் பஸ் வாசலில் நின்று ஒவ்வொருத்தியாக எண்ணினேன். நாற்பதுதான் வந்தது. மறுபடி உள்ளே ஏறி எண்ணினேன். நாற்பது. யார் இல்லை என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

படியேறி ஓடினேன். அந்தப் படிகளை எந்தத் தூண் தாங்குகிறது என்று எனக்குத் தெரியும், அதனால் ஒவ்வொரு படிக்கும் உயிர் போய் வந்தது. முதல் மாடி, இரண்டாவது மாடி, ஒருத்தரும் இல்லை. அனுமதியில்லாத அந்த மூன்றாவது மாடியின் கடைசி அறையில், நைட் ஷிப்ட் முடித்து வந்த பெண் ஒருத்தி காதில் வயரை மாட்டிக்கொண்டு அடித்துப்போட்ட மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தாள். பிடித்து உலுக்கி, கையைப் பற்றி இழுத்தேன். பாதித் தூக்கத்தில் என் கூடவே படி இறங்கினாள். கீழே வந்து விஷயம் தெரிந்ததும் கையை உதறினாள். ராமநாதபுரத்துப் பெண். பத்தொன்பது வயசு இருக்கலாம்.

"பில்டிங் நல்லாருக்குன்னு கவர்மெண்ட் சர்ட்டிபிகேட் காட்டுனாங்க. எங்கப்பா அதப் பாத்துட்டுத்தான் என்னய விட்டுட்டு பஸ் ஏறுனாரு. அது யாரு குடுத்தது?"

"நான்தாம்மா," என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். துப்பிவிடுவாள் என்று நினைத்தேன். திரும்பிப் போய் பஸ்ஸில் ஏறினாள். உள்ளே போய் மற்றவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும், ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் நீண்டன. பஸ் நகர்ந்து முனை திரும்பும்வரை அத்தனை பேரும் என்னைத் திட்டிக்கொண்டே போனார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்று, ஜன்னல்களில் தெரிந்த தலைகளை இன்னொரு தடவை எண்ணினேன். நாற்பத்தொன்று.